முகத்தை மட்டும் காட்டும் போன்

நானும் என் வீட்டுக்காரரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. மனத்தாங்கல் ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டோடு ஒட்டித் தறி செட் இருக்கிறது. நான்கு பவர்லூம் தறிகள் ஓடும். துண்டு நெய்கிறோம். தறி ஓடும்போது காதருகே வந்து கத்தினாலும் விழாது. அதனால் சங்கரன்கோவிலில் தறி வீட்டில் பிறந்தவர்களும் வாழ வந்தவர்களும் கையாலும் உதட்டாலும் பேசப் பழகிக்கொள்வோம். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் சுற்றிய குச்சியைத் தார் என்போம். தார் தீரப் போகிறது என்றால் அவர் ஒரு விரலைச் சுழற்றுவார். நான் சுற்றி வைத்திருக்கும் தார்களை அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைப்பேன். தறி ஏன் நின்றது என்று கேட்க வேண்டுமானால் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டி, தாடையை மேலே தூக்குவேன். நூல் அறுந்திருந்தால் இரண்டு விரல்களைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டி, அறுந்த இடத்தைச் சுட்டுவார். கரண்ட் போனால் மட்டும் கேட்க வேண்டியதில்லை. தெருவே சட்டென்று அடங்கிவிடும்.

எனக்கு இயல்பிலேயே பேச்சு வராது. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அங்கேயும் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் கண் கலங்கிவிடும். ஆகவே சத்தத்துக்குள் வாக்கப்பட்டது எனக்கு வசதியாகவே இருந்தது. அவரும் பேச்சுக் குறைந்த மனிதர். முப்பது வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி மெல்பர்னில் இருக்கிறாள். மருமகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, தாயில்லாத பையன். மகள் உண்டானபோது, பிரசவம் பார்க்க நான்தான் போக வேண்டும் என்று முடிவானது. அவரையும் கூப்பிட்டார்கள். “தறிய யாரு பாக்க? நீ போயிட்டு வா” என்று சொல்லிவிட்டார். அவருக்கு விமானம் என்றால் பயம் என்று எனக்குத் தெரியும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனி மாதத்தில் கிளம்பினேன். போகும்போது கோயில் புற்றுமண்ணை ஒரு பொட்டலம் மடித்து எடுத்துப்போனேன். பிள்ளைக்கு நெற்றியில் வைக்கலாம் என்று நினைத்தேன். அந்த ஊர் விமான நிலையத்தில் மண்ணை உள்ளே விடமாட்டார்களாம். சீருடை போட்ட ஒரு பெண் அதைப் பிரித்துப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி மண்ணைப் பார்த்து ஏதோ கேட்டாள். “கோமதி அம்மன்” என்று மட்டும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு ஒரு டப்பாவுக்குள் போட்டாள்.

அங்கே அப்போது நல்ல குளிர். சேலைக்கு மேல் மருமகனின் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு மகள் ஊருக்குப் போன் போடுவாள். ஊரில் அப்போது பதினொன்றரை. என் போனிலேயே எல்லாம் செய்து கொடுத்திருந்தாள். ஆனாலும் நானாக ஒருநாளும் போட்டதில்லை. அவள் போட்டு, அவளே பிடித்துக்கொள்வாள். நான் தோளுக்குப் பின்னால் நிற்பேன்.

அந்தப் பக்கமும் அப்படித்தான். வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். நான் இல்லாத நாட்களில் அவருக்குச் சாப்பாடு அவள் வீட்டிலிருந்துதான். போன் அடிக்கும் நேரத்துக்கு மதினி வந்து உட்கார்ந்துவிடுவாள். கூடவே தெருப் பெண்கள் ஒன்றிரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஸ்பீக்கரில் போடாமல் பேச முடியாது. முதல் நாளே மதினி என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“ஏட்டி, என்ன கோலம் இது? சேலைக்கு மேல கோட்டு! நம்ம பஸ் ஸ்டாண்டுல இப்படி நின்னேன்னா கண்டக்டர்னு நெனச்சு டிக்கெட்டு கேப்பாக!”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்த மாதிரி இருந்தது. அவர் போனைப் பிடிக்கும் லட்சணத்துக்குப் பாதி நெற்றியும் ஓட்டுக் கூரையும்தான் தெரியும்.

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேன். நீங்க?”

“ஆச்சு. குளிருதா?”

“ஆமா.”

இதற்கு மேல் எங்களுக்குப் பேச்சு இருக்காது. மீதியை மதினி பார்த்துக்கொள்வாள். ஆனால் எனக்கு அதில் குறை இல்லை. பின்னால் தறிச் சத்தம் கேட்கும். மூன்றாவது தறிக்கு ஒரு நொண்டல் சத்தம் உண்டு. அது கேட்டால் அவர் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு அது போதும்.

மகளுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாக எனக்கு நேரம் போனது தெரியவில்லை. போன் பேசுவதெல்லாம் மருமகன்தான். நிலைமை கொஞ்சம் சீரான பிறகு, ஒருநாள் சாயங்காலம் வழக்கம் போல் மகள் போன் போட்டாள். அந்தப் பக்கத்தில் தறிச் சத்தம் இல்லை.

“கரண்டு இல்ல” என்றார் அவர்.

அவர் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

நான் பார்த்தேன். ஆனால் கேட்கவில்லை. எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அத்தோடு என் முன்னால் மகள் தையல் போட்ட வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் சத்தம் இல்லை. “பாவு தீந்துட்டு. இன்னும் வரல” என்றார். பாவு என்பது தறியில் ஏற்றுகிற நீள நூல். அது வந்து சேரத் தாமதமாவது உண்டுதான். நம்பலாம் என்று பார்த்தால், அவர் முகம் ஒழுங்காகத் தெரிந்தது. நெற்றி முதல் தாடை வரை, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. வேறு யாரோ போனைப் பிடித்திருக்கிறார்கள். பின்னால் இருந்த சுவர் பச்சை நிறம். எங்கள் வீட்டில் பச்சைச் சுவர் கிடையாது.

“எங்கன இருக்கீங்க?” என்றேன்.

“அக்கா வீட்ல.”

மதினி வீட்டுச் சுவர் எனக்குத் தெரியாதா? வெள்ளையடித்தது நானும் அவளும் சேர்ந்துதான்.

பிறகு எங்கள் கோயில் திருவிழாவான ஆடித் தபசு வந்தது. அன்றைக்கு அம்மன் தபசு நிற்பதை எனக்குப் போனில் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கூட்டத்துக்குள் போகாத வருஷமே அவருக்குக் கிடையாது. அன்று மதினி மட்டும்தான் போனில் வந்தாள்.

“கூட்டம்னா கூட்டம், சொல்லி முடியாதுட்டி. மழைவேற தூறுது. அவன் எங்க போவான்...” என்றவள் சட்டென்று நிறுத்தி, “போனான், போனான். கூட்டத்துக்குள்ள போன எடுக்க முடியலையாம்” என்றாள்.

அதற்கு மேல் நான் சாதாரணமாக இருந்ததாகச் சொல்ல முடியாது. வேலையெல்லாம் செய்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டினேன், மகளுக்குப் பூண்டு வதக்கிப் போட்டேன். ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. தறிகளை விற்றுவிட்டாரோ என்று முதலில் நினைத்தேன். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் தறியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்கள். தறி மட்டும் போயிருந்தால் நல்லது என்று வேண்டிக்கொள்கிற அளவுக்குப் பிறகு ஆகிவிட்டது. அவருக்குச் சர்க்கரை உண்டு. நெஞ்சாக இருக்குமோ, கண்ணாக இருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் தோன்றும்.

மகளிடம் கேட்கவில்லை. பச்சை உடம்புக்காரி. பயந்துபோய்ப் பால் வற்றிவிட்டால் என்ன செய்வது? அவள் முன்னால் சிரித்தபடி இருந்தேன். அவளும் என் முன்னால் சிரித்தபடிதான் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மகள் போன் போட்டாள். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரே கும்மாளம். பிள்ளை யார் சாயல் என்று பேச்சு.

“மூக்கப் பாரு, அப்படியே எங்க அப்பா மூக்கு!” என்றாள் மதினி.

“அத்த, உங்க அப்பா மூக்கு எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? அவுக போட்டோவுல பாதி மூக்கு கரையான் தின்னுட்டுல்லா” என்றாள் மகள்.

“மிச்சப் பாதியத்தான் சொல்லுதேன்!”

மருமகன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வற்றியிருந்தது. பிறகு அவர் கண் பிள்ளையைத் தாண்டி, மகளின் தோளைத் தாண்டி, என்னிடம் வந்தது.

நான் யோசித்துச் செய்யவில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டி, தாடையைத் தூக்கினேன்.

அவரும் யோசிக்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம். கை தன்னால் மேலே வந்தது. இரண்டு விரல்கள் கத்தரி மாதிரி வெட்டின. பிறகு ஒரு விரல் கீழே, அவர் காலைச் சுட்டியது.

சுட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது. என்ன செய்தோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தார். உடனே படம் ஆடியது. பச்சைச் சுவர், விசிறி, மதினியின் காது எல்லாம் தெரிந்தது. “சரி, சரி, பிள்ளைக்குப் பசிக்கும், வச்சிருங்க” என்ற மதினியின் குரலோடு போன் நின்றது.

மகள் எதையும் கவனித்த மாதிரி தெரியவில்லை. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வாய் எத்தனை நாளாக எத்தனை பொய் சொன்னது! கைக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். அங்கே துணிக்கொடி இருந்தது. காற்று ஊசி மாதிரி குத்தியது. கல்யாணமான நாளிலிருந்து நானாக அவருக்குப் போன் போட்டதே இல்லை. அவர் படத்தைத் தேடி அழுத்தினேன்.

உடனே எடுத்துவிட்டார். “என்ன, பிள்ளைக்கு என்ன?” என்றார் பதற்றமாக.

“பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. கால்ல என்ன?”

பக்கத்தில் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது.

“ஒண்ணுமில்ல. சின்னப் புண்ணு.”

“வெட்டுன்னு காட்டுனீங்கள்லா.”

“விரலு” என்றார். பிறகு, “சின்ன விரலுதான். ஒண்ணுதான்” என்றார், பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவது மாதிரி.

தறி செட்டில் அவர் எப்போதும் வெறுங்காலோடுதான் நிற்பார். கீழே கிடந்த கம்பித் துண்டு ஏறியிருக்கிறது. சர்க்கரைக் காலுக்கு வலி தெரியவில்லை. வீங்கி, நாற்றம் வந்த பிறகுதான் மதினி பார்த்திருக்கிறாள். இப்போது திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். தறி நின்று அத்தனை நாளாகிறது. எல்லாவற்றையும் நான் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

“காட்டுங்க” என்றேன்.

“கட்டுப் போட்டிருக்கு.”

“கட்டயாவது காட்டுங்க.”

“வேண்டாம். பாத்தா உனக்குச் சோறு எறங்காது.”

“இத்தன நாளும் எறங்கவா செஞ்சிது? காட்டுங்க.”

அவருக்குப் போனைத் திருப்பத் தெரியவில்லை. கட்டில் கம்பி தெரிந்தது. மாத்திரைப் பை தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் வேட்டி தெரிந்தது. கடைசியில் துணி சுற்றிய கால் வந்தது. சின்ன விரல் இருக்க வேண்டிய பக்கம் சரிந்து இறங்கியிருந்தது. மற்ற விரல்களின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. நகமெல்லாம் வளர்ந்திருந்தது.

“போதுமா?” என்றார்.

நான் கேட்டேன், “யாருக்கெல்லாம் தெரியும்?”

“எல்லாருக்குந்தான்.”

“எல்லாருக்கும்னா?”

“அக்காவுக்கு. தெருவுல எல்லாருக்கும். மாப்பிள்ளைக்கும் பாப்பாவுக்கும்.”

பாப்பா என்றால் என் மகள்.

துணிகளை எடுக்காமலே உள்ளே போனேன். மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“யம்மா, அப்பாதான் சொல்லக் கூடாதுன்னாக.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“ஆஸ்பத்திரியில இருக்கும்போதே.”

வயிற்றைக் கிழித்துப் படுத்திருக்கும்போது அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சொல்லவில்லை.

“அவுகளுக்கு வெரல எடுத்திருக்கு. எனக்கு யாரும் ஒரு வார்த்த சொல்லலியே, ஏட்டி? நான் என்ன, விருந்தாளியா?”

“சொன்னா நீ என்னம்மா செஞ்சிருப்ப? உன்னால இங்கன இருக்கவும் முடியாது, போகவும் முடியாது. அழுதுக்கிட்டே சோறாக்குவ. நான் அதப் பாத்துக்கிட்டே படுத்திருக்கணும். எனக்கு மட்டும் லேசா இருந்துச்சா?” என்றாள். பிள்ளை வாயை எடுத்துவிட்டு அழ ஆரம்பித்தது. இவளும் அழுதாள். அழும்போது தையல் வலித்ததோ என்னவோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

நான் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். கோபம் போகவில்லை. ஆனால் அவள் சொன்னதிலும் பொய் இல்லை. வெளியூரில் இருப்பவர்களுக்குக் கெட்டதைச் சொல்லாமல் இருப்பதை எங்கள் பக்கத்தில் பெரிய நாகரிகமாக நினைக்கிறோம். நானே இப்படி எத்தனை வீட்டுக்கு ஒத்து ஊதியிருக்கிறேன்! துபாயில் இருக்கும் மகனுக்கு, “அம்மா தூங்குதாக” என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லும்போது, பக்கத்தில் நின்று “ஆமா மக்கா, இப்பத்தான் படுத்தாக” என்று சொன்னவள்தான் நானும். பொய்யைக் கேட்கிற பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

அடுத்த நாள் முதல் துணிக்கொடிப் பக்கம் நின்று நானே போன் போட்டேன். கட்டுப் பிரிக்கும் நேரத்துக்குச் சரியாகப் போடுவேன். தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துக் காலை நீட்டிக்கொள்வார். கட்டுக் கட்ட வருகிற நர்ஸ் பெண்ணுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

“என்ன அண்ணாச்சி, ஊரெல்லாம் மொகத்தக் காட்டிப் பேசுது, நீங்க கால காட்டிப் பேசுதீங்க?”

“அவுக கேக்காக” என்றார், என்னை மரியாதையாக. அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

பார்க்கச் சகிக்காத காட்சிதான். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு திறந்தேன். அதன்பின் பழகிவிட்டது. “நேத்தைக்கு இந்த ஓரம் வெளுப்பா இருந்துச்சு, இன்னைக்கு மஞ்சளா இருக்கே” என்பேன். “மருந்து அப்படி” என்பார். “ராத்திரி வலிச்சுதா?” என்றால், “வலிச்சாத்தான் நல்லதுன்னு டாக்டர் சொல்லுதாரு, வலிக்க மாட்டேங்கு” என்பார். சில நாள் அரை மணி நேரம் பேசியிருப்போம். மதினி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்று கேட்பாள். “கல்யாணம் ஆன புதுசுலகூட நீங்க ரெண்டு பேரும் இப்படிப் பேசிக்கிட்டது கெடையாதே. ஒரு வெரலு போனதுல உங்களுக்கு வாய் வந்துட்டு” என்பாள். அப்போதெல்லாம் கேலியாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் அவர் கட்டுப் பிரிக்கும் முன்பே போனை எடுத்தார். பாட்டிலில் சாய்க்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு முகத்தைக் காட்டினார்.

“உங்கிட்ட மொதல்ல சொல்லுதேன். இன்னும் அக்காவுக்குக்கூடத் தெரியாது” என்றார். “பக்கத்து வெரலும் கறுத்துட்டு. பாதிப் பாதம் வரைக்கும் எடுக்கணும்ங்காக. இல்லாட்டா மேல ஏறிருமாம்.”

நான் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் வரட்டா?”

“பச்சப் பிள்ளைய விட்டுட்டா? வேண்டாம். அக்கா இருக்கா.”

“நான் வரட்டான்னு கேட்டேன்.”

அவர் வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

உள்ளே போய்ச் சொன்னபோது மருமகன் டிக்கெட் மாற்ற உட்கார்ந்துவிட்டார். “அத்தை, நீங்க போங்க. நான் பாத்துக்கிடுதேன்” என்றார். அவருக்கு லீவு முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். மகள் இன்னும் நிமிர்ந்து உட்காரக் கஷ்டப்பட்டாள். பிள்ளைக்கு இரண்டு நாளாகச் சளி. நான் பெட்டி அடுக்கும்போது வந்து நின்று பார்த்தாள்.

“போம்மா. நான் உன்ன இருக்கச் சொல்ல மாட்டேன்” என்றாள். “அதுக்காக எனக்கு ஒண்ணுமில்லன்னும் சொல்ல மாட்டேன்.”

விமான நிலையத்தில் பிள்ளையை என் கையில் தந்து, உடனே திரும்ப வாங்கிக்கொண்டாள்.

விமானத்தில் இருந்த நேரத்தில்தான் அவருக்கு ஆபரேஷன். போனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். மகள் பின்னால் இருக்கிறாள், அவர் முன்னால் இருக்கிறார், எனக்கு இருவரும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் படம் பார்த்தார்கள், தூங்கினார்கள். நான் இருட்டான போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதுரையில் இறங்கி அதைப் போட்டபோது ஒரு செய்தியும் இல்லை. நல்லதாக இருந்தால் சொல்லியிருப்பார்களே என்று நினைத்தேன். மதினிக்குப் போட்டேன். எடுக்கவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினேன். கோவில்பட்டி தாண்டும்போதுதான் மதினி கூப்பிட்டாள். “முடிஞ்சிட்டு. கண்ணு முழிச்சிட்டான். நீ வா” என்றாள். அதிலும் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கழுத்து வரை போர்வை மூடிப் படுத்திருந்தார். பச்சைச் சுவர். என்னைப் பார்த்ததும், “பிள்ள எப்படி இருக்கு?” என்றார்.

“நல்லா இருக்கு. சளி மட்டும்.”

மதினி வீட்டுக்குக் கிளம்பினாள். அவளும் இளைத்திருந்தாள். நான் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். கட்டு பெரிதாக இருந்தது, அதன் அளவுக்குக் கால் இல்லை. பாதத்தில் குதிகாலும் அதை ஒட்டிக் கொஞ்சமும்தான் மிச்சம். திரும்ப மூடினேன்.

“பாப்பாட்ட ரெண்டு வெரலோட முடிஞ்சிட்டுன்னு சொல்லிருக்கேன்” என்றார் மெதுவாக. “நீயும் அப்படியே சொல்லிரு. அங்கன தனியா கெடக்கா.”

“நான் சொல்ல மாட்டேன்.”

“என்ன?”

“ரெண்டு வெரலுன்னு சொல்ல மாட்டேன்.”

அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பாட்டைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். மாத்திரையைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பேசவில்லை.

விடிந்ததும் மகள் போன் வந்தது. அவளுக்கு அங்கே காலைப் பொழுது ஏறியிருக்கும். தலை சீவவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“யம்மா, சேந்துட்டியா? அப்பா எங்க?”

நான் போனை அவர் பக்கம் நீட்டினேன். முகம் தெரிகிற மாதிரிதான் பிடித்தேன்.

“பிள்ள பால் குடிச்சிட்டா?” என்றார்.

“குடிச்சிட்டா. அப்பா, கால காட்டுங்க.”

“கட்டுப் போட்டிருக்கும்மா.”

“காட்டுங்கப்பா.”

அவர் என்னைப் பார்த்தார். ஒரு கையால் போர்வையை இழுத்துவிட என்னால் முடியும். நான் இழுக்கவில்லை. போனைப் பிடித்தபடி நின்றேன். கை வலித்தது. பக்கத்துக் கட்டில்காரர் காபி ஆற்றுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளும் போனை வைக்கவில்லை.

அவர் கைதான் கடைசியில் போர்வையைப் பிடித்து ஒதுக்கியது. நான் போனை மெதுவாகக் கீழே இறக்கினேன்.

அந்தப் பக்கத்தில் பிள்ளை மட்டும் மூக்கடைத்துக்கொண்டு சிணுங்கியது.

“தெரியுதா?” என்று கேட்டார்.

“தெரியுதுப்பா” என்றாள்.